என் இடத்துக்கு ஓர் ஆள்

கோரிமேட்டில், பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் ஒரு தனியார் லேபில் ரத்தம் எடுப்பது என் வேலை. டிப்ளமோ முடித்த கையோடு இங்கே சேர்ந்தேன். கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாம் இங்கே இருந்துகொண்டேதான் நடந்தன. திண்டிவனம், விழுப்புரம் பஸ்களில் வந்து இறங்குகிறவர்கள் ஆஸ்பத்திரிக் கூட்டத்தைப் பார்த்து மலைத்துப்போய், ரத்தப் பரிசோதனையையாவது சீக்கிரம் முடித்துக்கொள்ளலாம் என்று எங்களிடம் வருவார்கள். அவர்களில் பலரின் தோளில் ஒரு குழந்தை இருக்கும்.

குழந்தைக்கு ரத்தம் எடுப்பது எல்லோருக்கும் வந்துவிடாது. நரம்பு நூல் மாதிரி இருக்கும். கையையும் காலையும் உதறும். குழந்தையின் அழுகையைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டால் நம் கை நடுங்கிவிடும். எனக்கு ஏனோ நடுங்குவதில்லை. குழந்தையின் கையை என் உள்ளங்கைக்குள் வைத்துச் சூடேற்றுவேன். புறங்கையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருப்பேன். எங்கோ ஓரிடம் லேசாக மெத்தென்று அமுங்கும். அங்கே ஊசியை விட்டால் வந்துவிடும். பெரும்பாலும் ஒரே குத்துதான். “அந்த அக்கா இருக்காங்களா?” என்று கேட்டுக்கொண்டே படியேறுகிறவர்கள் உண்டு. நான் லீவு என்று தெரிந்தால் நாளைக்கு வருகிறோம் என்று திரும்பிப் போகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் பெருமைதான். அந்தப் பெருமையால் எனக்கு என்ன ஆகப்போகிறது என்று அப்போது தெரியாது.

எங்கள் மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது தாண்டிய மனிதர். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம், மகன் பிரான்சில் இருந்தான். காலையில் உள்ளே வரும்போது எல்லோருக்கும் பொதுவாக ஒரு “போன்ழூர்” வரும். டீ கொண்டு வருகிறவருக்கு “மெர்சி” சொல்லாமல் டம்ளரை வாங்க மாட்டார். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. நான் நிறைமாதமாக இருந்தபோது, நின்றுகொண்டு ரத்தம் எடுக்க வேண்டாம் என்று ஏறி இறங்கும் நாற்காலி ஒன்றை வாங்கிப் போட்டவர் அவர்தான். கெட்ட மனிதராக இருந்திருந்தால் இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபப்பட்டுவிட்டு முடித்திருப்பேன்.

அரியாங்குப்பத்தில் எங்கள் லேபுக்குப் புதுக் கிளை திறக்கப் போவதாகப் பேச்சு வந்தது. அதற்கு ஓர் இன்சார்ஜ் வேண்டும். என் வீடு நோணாங்குப்பம். தினமும் கடலூர் ரோட்டில் ஒரு பஸ், பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கோரிமேட்டுக்கு இன்னொரு பஸ். அரியாங்குப்பம் என்றால் நடந்துகூடப் போய்விடலாம். ஆனால் தூரத்துக்காக மட்டும் நான் அதை ஆசைப்படவில்லை. எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கண்ணும் இந்த விரலும் எவ்வளவு காலத்துக்கு இப்படியே இருக்கும் என்ற பயம் வந்திருந்தது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஓர் இடத்தை நானே நடத்திப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. எனக்கு அது வரும் என்று தெரியும்.

எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. செல்போனில் தேடினால் அதற்கும் வீடியோக்கள் வரிசையாக வந்தன. கோட்டு போட்ட ஓர் அம்மா, மேலதிகாரியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று நல்ல தமிழில் விளக்கினார். கெஞ்சக் கூடாதாம். குறை சொல்லக் கூடாதாம். என்னால் நிறுவனத்துக்கு என்ன லாபம் என்று சொல்ல வேண்டுமாம். அவரை நம் பக்கம் இழுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்ததாம்.

என் வீட்டுக்காரர் போட் ஹவுஸில் படகு ஓட்டுகிறார். அன்று சாயங்காலம் பின்பக்கம் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தவரிடம், “கொஞ்ச நேரம் மேனேஜரா இருங்க, நான் பேசிப் பாக்குறேன்” என்றேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “சொல்லும்மா, இன்னா விஷயம்?”

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் போனதும் கையைக் காட்டி நிறுத்தினார். “ஏன் பரீட்சைக்கு ஒப்பிக்கிற மாதிரி பேசுற? எனக்கு அந்த வேல வேணும் சார்னு கேட்டுட்டுப் போ. அவரு நல்ல மனுஷன்தான?”

“நல்ல மனுஷன்தான்.”

“அப்புறம் இன்னா?”

மறுநாள் மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் அவர் அறைக்குப் போனேன். வீடியோவில் சொன்னது எல்லாம் மறந்துபோனது. வீட்டுக்காரர் சொன்ன மாதிரியே கேட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “நீ கேக்கணும்னு நானே நெனைச்சேம்மா. நியாயமா பாத்தா உனக்குத்தான் வரணும்.”

எனக்கு உடம்பே லேசானது. “ரொம்ப நன்றி சார்.”

“இரு, இரு. ஒரே ஒரு சிக்கல். நீ அங்க போயிட்டா இங்க புள்ளைங்களுக்கு யாரு எடுப்பா? உன் எடத்துக்கு ஒரு ஆளக் காட்டு. நாளைக்கே டாக்டரம்மாகிட்ட நான் பேசுறேன்.” டாக்டரம்மா என்றால் எங்கள் முதலாளி.

அது சரியான பேச்சாகத்தான் பட்டது. கதவைச் சாத்தவில்லை, திறக்கிற வழியைத்தான் சொல்லியிருக்கிறார். அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை, வீடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். கால் வலித்ததே தெரியவில்லை.

ஆள் தேடி வெளியே போக வேண்டியிருக்கவில்லை. கோரிமேட்டையும் தாண்டி இருக்கிற சேதராப்பட்டிலிருந்து வரும் ஒரு பெண் எங்கள் லேபில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்பா அங்கே கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. கூடப் பிறந்தவர்கள் சின்னவர்கள், இவள் சம்பளமும் சேர்ந்தால்தான் வீடு ஓடும். சுறுசுறுப்பான பெண். என்னை அக்கா அக்கா என்று சுற்றி வருவாள். பெரியவர்களுக்கு நன்றாகவே ரத்தம் எடுப்பாள். குழந்தை என்றால் மட்டும் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். கண்ணால் தேடாதே, விரலால் தேடு என்றேன். அவள் கட்டைவிரலை என் விரலுக்கு அடியில் வைத்து அமுக்கிக் காட்டினேன். முதலில் கொழுகொழுவென்று இல்லாத குழந்தைகளாகப் பார்த்துக் கொடுத்தேன், நரம்பு தெரியும். சில நாள் வந்தது. சில நாள் வரவில்லை. வராத அன்றைக்கு அவள் மதியம் சாப்பிட மாட்டாள்.

“எனக்குக் கொழந்த அழுதா காது அடைச்சுக்குதுக்கா. விரல் மரத்துப்போற மாதிரி இருக்குது.”

“போகப் போகச் சரியாயிடும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு,” என்றேன். எனக்கு அப்படி இருந்ததில்லை. அவளைத் தேற்றச் சொன்னேன்.

அவளுக்கு மனது தெம்பாக இருக்கட்டும் என்று மற்ற வேலைகளையும் பழக்கினேன். முன் மேஜையில் உட்காரவைத்தேன். ரிப்போர்ட் தாமதமானால் கோபமாகப் போன் பண்ணும் டாக்டர்களிடம் எப்படிப் பேசுவது, குழாய் மாறிப் போய்விட்டால் யாரைக் கூப்பிடுவது, கூட்டம் நெரிக்கும்போது யாரை முன்னால் விடுவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அதையெல்லாம் அவள் கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். மேனேஜர் ஒன்றிரண்டு முறை வந்து நின்று பார்த்துவிட்டு, “பொண்ணு நல்லா பேசுது” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். என் வேலை நல்லபடியாக நடக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அந்த நாள் நான் பின்பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஒரு குழந்தைக்கு எடுப்பது தெரியும். வேண்டுமென்றேதான் எழுந்து வந்திருந்தேன், நான் பக்கத்தில் நின்றால் என்னையே பார்ப்பாள். அழுகை கேட்டது. அது வழக்கம்தான். அழுகை நிற்கவில்லை. பிறகு ஓர் ஆண் குரல் உயர்ந்தது.

“பழகுறதுக்கு எம் புள்ள கைதான் கெடைச்சுதா?”

கையைக் கழுவிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தேன். மயிலம் பக்கத்துக் குடும்பம். தோளில் துண்டு போட்ட அப்பா நின்றுகொண்டிருந்தார். அம்மாவின் மடியில் காய்ச்சலில் சுருண்ட குழந்தை. ஒரு புறங்கை வீங்கி நீலம் பாரித்திருந்தது. இன்னொரு கையிலும் குத்தின இடத்தில் பஞ்சு. எங்கள் பெண் ஊசியைப் பிடித்தபடி வெளுத்துப்போய் நின்றாள். மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்திருந்தார்.

நான் அந்த வாசலில் நின்றது கொஞ்ச நேரம்தான். ஆனால் எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நான் உள்ளே போகாமல் இருந்தால் அவள் இன்னொரு தடவை முயற்சி பண்ணுவாள். காலில் பார்க்கச் சொல்லி இங்கிருந்தே குரல் கொடுக்கலாம். அவளுக்கு வந்தாலும் வந்துவிடும். வந்துவிட்டால் என் இடத்துக்கு ஆள் தயார் என்று மேனேஜர் கண்ணாலேயே பார்த்துவிடுவார். அவளும் அதைப் புரிந்துகொண்ட மாதிரி என்னைப் பார்த்தாள். வராதீர்கள் என்கிறாளா, வாருங்கள் என்கிறாளா என்று தெரியவில்லை.

குழந்தையின் அழுகை அதற்குள் தேய்ந்துபோய் வெறும் மூச்சாக வந்துகொண்டிருந்தது. என்னால் நிற்க முடியவில்லை. போய் உட்கார்ந்தேன். அதன் பாதத்தை உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன். தடவினேன். கிடைத்தது. ஒரே குத்து. குழாய் நிறைந்தது. அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தலைநிமிர்ந்தபோது மேனேஜர் அங்கேயேதான் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் கூப்பிட்டார்.

“உக்காரும்மா. அரியாங்குப்பத்துக்கு அந்தப் பொண்ண அனுப்பலாம்னு டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன்.”

எனக்கு முதலில் காதில் ஏறவில்லை. “ஆளைக் காட்டுனா என்னை அனுப்புறேன்னு சொன்னீங்களே சார்.”

“சொன்னேன். இல்லன்னு சொல்லல. நீயும் காட்டுன. ஆனா அன்னைக்கு நானே பாத்தேனே.”

“அவளுக்குப் பழகிடும் சார். இன்னும் கொஞ்ச நாள் குடுங்க.”

“பழகுற வரைக்கும் புள்ளைங்க கை வீங்கணுமா? நீயே சொல்லு.”

பதில் எனக்கும் ஒன்றுதான். அதைத்தான் அன்றைக்கு வாசலிலிருந்து நடந்துபோய்ச் செய்து காட்டியிருந்தேன்.

“அங்க இன்சார்ஜா இருக்கிறவங்களுக்கு ஊசி போடற வேல அவ்வளவா இருக்காதும்மா. போன், கம்ப்யூட்டர், டாக்டருங்ககிட்ட பேசுறது. அதெல்லாம் அவளுக்கு நல்லா வருது. நீதான சொல்லிக் குடுத்த.”

“அது எனக்கும் வரும் சார்.”

“வரும். எனக்குத் தெரியாதா? அதான் கஷ்டமே. உனக்கு ரெண்டும் வருது. அவளுக்கு ஒண்ணுதான் வருது. நீ என் எடத்துல இருந்தா இன்னா பண்ணுவ?”

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே என்னிடம் பதிலை எதிர்பார்க்கிற மாதிரி பார்த்தார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன் என்று தோன்றியது. அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அநியாயம் என்றால் சண்டை போடலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாக வருகிற ஒன்றோடு எப்படிச் சண்டை போடுவது?

“நான் உன் பக்கந்தாம்மா. அத மட்டும் நீ மறந்துடாத,” என்றார். என் அடையாள அட்டையில் ‘சீனியர்’ என்று சேர்க்கச் சொல்வதாகவும் சொன்னார். சொன்னபடி சேர்த்தும் கொடுத்தார்.

அந்தப் பெண் மாடிப்படி அடியில் எனக்காகக் காத்திருந்தாள். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. “அக்கா, நான் கேக்கவே இல்லக்கா. சத்தியமா கேக்கல. நான் வேணாம்னு சொல்லிடட்டுமா?”

வேண்டாம் என்று சொல் என்று ஒரு வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. அவள் சொல்லியும் இருப்பாள். சொன்னால் என்ன ஆகும்? வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டு வந்து போடுவார்கள். நான் இருக்கிற இடத்திலேயே இருப்பேன், அவளும் இருப்பாள்.

“போ. நீ வேணாம்னு சொன்னா எனக்குக் கெடைச்சுடுமா? உங்க அப்பாகிட்ட சொன்னியா?”

“இன்னும் இல்லக்கா.”

“போன் பண்ணு. சந்தோஷப்படுவாரு.”

அவள் அங்கேயே நின்று போன் செய்தாள். அந்தப் பக்கம் அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. இவள் அழுதுகொண்டே சிரித்தாள். நான் உள்ளே போய் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

புதுக் கிளை திறந்தது. அதன்பிறகு எங்கள் இருவரின் நிலைமையைப் பார்த்தால் ஊரில் யாராக இருந்தாலும் சிரிப்பார்கள். சேதராப்பட்டில் இருக்கிறவள் காலையில் ஊரைக் கடந்து அரியாங்குப்பம் போகிறாள். அரியாங்குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நான் ஊரைக் கடந்து கோரிமேடு போகிறேன். சில நாள் பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே பார்த்துக்கொள்வோம். அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொள்வாள். ஏதாவது சந்தேகம் இருந்தால் அங்கேயே கேட்பாள். சொல்லிவிட்டு என் பஸ்ஸைப் பிடிப்பேன். அவள்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் வந்த கோபம் அவள் முகத்தைப் பார்த்தால் நிற்காது.

வேறு லேபிலும் கேட்டுப் பார்த்தேன். “கொழந்தைங்களுக்கு நல்லா எடுப்பீங்களாமே, உடனே வந்துடுங்க,” என்றார்கள். இன்சார்ஜ் வேலை இருக்கிறதா என்றேன். அதைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பிறகு என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. போகவில்லை.

ஒரு வருஷத்துக்குமேல் ஆனது. மேனேஜர் வேலையை விட்டுவிட்டு மகனோடு இருக்கப் பிரான்சுக்குப் போகிறார் என்று தெரிந்தது. வில்லியனூரில் இன்னொரு கிளை வரப்போவதாகவும் சொன்னார்கள். நான் மறுபடியும் அவர் அறைக்குப் போனேன்.

“நீங்க போறதுக்கு முன்னாடி புது மேனேஜர்கிட்ட எனக்காக ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க சார்.”

“ஒரு வார்த்த இன்னா, டாக்டரம்மாவ வெச்சுக்கிட்டே எல்லார் முன்னாடியும் சொல்றேன்,” என்றார். கண் கலங்கியிருந்தது. போகிற கவலை அவருக்கும் இருந்தது போல.

வழியனுப்பு விழா மாடியில் நடந்தது. கேக், சமோசா, சால்வை. டாக்டரம்மா பேசினார். புது மேனேஜர், சின்ன வயசுக்காரர், முன்வரிசையில் இருந்தார். கடைசியில் எங்கள் மேனேஜர் எழுந்தார். எல்லோரைப் பற்றியும் ஒவ்வொரு வரி சொல்லிக்கொண்டு வந்தவர் என் பக்கம் திரும்பி நின்றார்.

“இவங்களப் பத்தி நான் கட்டாயம் சொல்லணும். இந்த லேபுக்குப் பேரு வந்ததே இவங்க கையால. புள்ளைங்களத் தூக்கிட்டு ஜனங்க இவங்களத் தேடித்தான் வர்றாங்க. இவங்க இங்க இருக்கிற வரைக்கும் யாரும் கவலப்பட வேணாம். இவங்கள நல்லா பாத்துக்குங்க.”

புது மேனேஜர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சிரித்துக்கொண்டு சொன்னார். “அப்ப இவங்கள எங்கயும் விட்டுடக் கூடாது சார்.”

எல்லோரும் கைதட்டினார்கள். டாக்டரம்மாவும் தட்டினார். நான் எழுந்து கும்பிட்டேன். எங்கள் மேனேஜர் எனக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியோடு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் வாக்குத் தவறவில்லை. எனக்காக அதைவிடப் பெரிய வார்த்தை அவரிடம் இல்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “நல்லதுதான சொல்லியிருக்காரு?” என்றார்.

“ஆமா. நல்லதுதான் சொன்னாரு.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். தட்டை எடுத்து வைத்து அவரே சோறு போட்டார்.

வில்லியனூருக்கு வெளியிலிருந்து ஒருவரை வைத்தார்கள். புது மேனேஜரிடமும் கேட்டுவிட்டேன். யோசிக்கலாம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

போன மாதம் காலையில் அரியாங்குப்பத்தில் பஸ் நின்றபோது கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “கோரிமேட்டுக்குப் பஸ் ஸ்டாண்டுல மாறணுமாக்கா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டேன்.

“இல்லக்கா, எதுத்தாப்புல ஒரு லேபுக்கு. இங்கயே அவங்க கிளை இருக்குது. ஆனா கொழந்தைக்கு இங்க வேணாம், அங்க ஒரு அக்கா இருக்காங்க, அவங்ககிட்ட போங்கன்னு இங்க இருக்கிற மேடமே சொன்னாங்க. ரெண்டு பஸ் மாறிப் போவணும். இன்னா பண்றது?”

குழந்தை அவள் தோளிலிருந்து என் பக்கம் சாய்ந்து என் விரலைப் பிடித்தது. நான் அதன் கையை உள்ளங்கைக்குள் வாங்கிக்கொண்டேன். பஸ் பாலம் ஏறி இறங்குகிற வரைக்கும் என் கட்டைவிரல் அந்தப் புறங்கையில் தானாகப் போய் வந்துகொண்டிருந்தது. நரம்பு நன்றாகவே கிடைத்தது. கொஞ்சம் நிதானமாகப் பார்த்திருந்தால் அரியாங்குப்பத்திலேயே எடுத்திருக்கலாம்.

“நீங்களும் அந்தப் பக்கந்தான் போறீங்களாக்கா?”

“ஆமா,” என்றேன். “எங்கூட வா. நான் கூட்டிட்டுப் போறேன்.”